சிகாகோவின் கோபுரங்களும் ஜித்தாவின் கூடாரங்களும்

அமெரிக்காவில் மகனோ மகளோ வாழும் குடும்பங்கள் இன்று நம் ஊர்களில் பல. அங்கே சென்று திரும்பும் பெற்றோர் காட்டும் படங்களில் எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே விதமாக நின்று கொண்டிருப்பார்கள். நியூயார்க் என்றால் சுதந்திர தேவி சிலை. சிகாகோ என்றால் அவரை விதை போல வளைந்து மின்னும் எஃகுச் சிற்பம். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் 168 எஃகுத் தகடுகளை ஒட்டுத் தெரியாமல் இழைத்து ஆக்கிய அச்சிற்பம் 2006ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பெற்றது. வானமும் கட்டடங்களும் நம் முகமும் அதில் ஒருங்கே வளைந்து தெரியும். பார்க்கத் தக்கதுதான், கால் மணி நேரம் போதும்.

என் தங்கை மகன் அந்நகரில் கட்டடப் பொறியாளனாகப் பணியாற்றுகின்றான். அவன் அழைப்பின்பேரில் சென்று மூன்று வாரங்கள் தங்கினேன். அந்நகரின் காட்சிகள் அனைத்தையும் பட்டியலிட்டுச் சொல்வது என் நோக்கமன்று. அதற்கென அச்சிட்ட வழிகாட்டிகள் விமான நிலையத்திலேயே கிடைக்கின்றன. அவ்வழிகாட்டிகள் ஒரே வரியில் கடந்து செல்லும் ஒருவரைப் பற்றி, நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்ற ஆவலால் இதனை எழுதுகின்றேன்.

சிகாகோவில் வானுயர்ந்த கட்டடங்கள் ஏன் தோன்றின என்பதை அறிய, முதலில் மிச்சிகன் அவென்யூவில் நிற்கும் பழைய தண்ணீர்க் கோபுரத்தைக் காண வேண்டும். மஞ்சள் சாயல் கொண்ட சுண்ணாம்புக் கல்லால் 1869இல் கட்டப்பெற்றது அது. 1871 அக்டோபர் 8ஆம் நாள் இரவு மூண்ட தீ, மரவீடுகளால் நிறைந்திருந்த அந்நகரை 10ஆம் நாள் வரை தின்றது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஓர் இலட்சம் பேர் வீடிழந்தனர். தப்பி நின்ற சிலவற்றுள் இக்கோபுரமும் ஒன்று. அயர்லாந்திலிருந்து குடியேறிய ஓர் ஏழைப் பெண்ணின் மாட்டுக் கொட்டகையில் பசு விளக்கை உதைத்துத் தள்ளியதே தீக்குக் காரணம் என்று அன்று பத்திரிகைகள் எழுதின. அப்பெண் வாழ்நாள் முழுவதும் அப்பழியைச் சுமந்தார். அவர் குற்றமற்றவர் என்று நகர மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 1997இல்! அவதூறு பரவுவதற்கு ஓர் இரவு போதும். அது கழிவதற்கு 126 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

எரிந்த நகரை மீண்டும் எழுப்பியபோது நடுநகரில் நிலத்தின் விலை ஏறியது. மேல்நோக்கி வளர்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஆயினும் சுவரே பாரத்தைத் தாங்கும் முறையில் ஓரளவிற்கு மேல் உயர முடியாது. மொனாட்நாக் என்ற 16 மாடிக் கட்டடம் 1891இல் எழுந்தது; இன்றும் இருக்கின்றது. அதன் அடிச்சுவரின் கனம் ஆறடி! இன்னும் உயர்ந்தால் கீழ்த்தளத்தில் சுவர்தான் இருக்கும், அறை இருக்காது. இதற்கு மாற்றாகச் சுமையை உலோகச் சட்டகத்தின் மீது ஏற்றும் வழியை 1885இலேயே பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் வில்லியம் ஜென்னி என்பவர் காட்டியிருந்தார். அக்கட்டடம் 1931இல் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் காட்டிய வழியே உலகெங்கும் பரவிற்று.

உயரம் கூடக் கூட, கட்டடத்திற்குப் பகை அதன் எடையன்று, காற்று. மிச்சிகன் ஏரியின் கரையில் ஒரு மாலைப் பொழுது நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் தலைப்பாகையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றைத் தாங்குவதற்காக உள்ளே மேன்மேலும் எஃகைத் திணித்தனர். அதனால் மாடிகள் ஏற ஏறச் செலவும் பன்மடங்கு ஏறியது. அந்த முடிச்சை அவிழ்த்தவர் டாக்காவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1929இல் பிறந்தவர். தந்தையார் கணித ஆசிரியர். டாக்காவிலுள்ள அஹ்ஸனுல்லாஹ் பொறியியல் கல்லூரியில் 1951இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு கல்வி உதவித் தொகையுடன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் சிகாகோவின் பெரிய கட்டடக்கலை நிறுவனமான ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தில் பணியாற்றினார்.

அவர் கண்ட வழியை என் மருமகன் எனக்கு மூங்கிலைக் கொண்டு விளக்கினான். மூங்கில் உள்ளே வெற்றிடம். வலிமை முழுவதும் வெளித்தோலில். ஆயினும் காற்றில் முறியாமல் நிற்கின்றது. கட்டடத்தின் வலிமையையும் இவ்வாறே நடுவிலிருந்து வெளிப்புறத்திற்குக் கொண்டுவந்தார் கான். தூண்களை வெளிச்சுவரில் நெருக்கமாக நிறுத்தி, கட்டடம் முழுவதையும் ஒரு குழாயாக்கிவிட்டார். பிறகு அக்குழாய்கள் பலவற்றைச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டினார். ஓர் ஈர்க்குக் குச்சி வளைந்துவிடும். விளக்குமாற்றுக் கட்டு வளைவதில்லை அல்லவா? அவருடன் பணியாற்றிய கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம், ஒரு கைப்பிடி சிகரெட்டுகளை உயரம் மாற்றிப் பிடித்துக் காட்டித் தம் எண்ணத்தை அவருக்கு விளக்கினார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. புகையிலையால் விளைந்த ஒரே நன்மை அதுவாக இருக்கலாம்.

அந்தக் கட்டுதான் ஸியர்ஸ் கோபுரம். 2009 முதல் வில்லிஸ் கோபுரம் என்று பெயர் மாறியிருக்கின்றது; ஊர்மக்கள் பலர் இன்றும் பழைய பெயரையே சொல்கின்றனர். 75 அடிச் சதுரமான ஒன்பது குழாய்கள். அவற்றுள் இரண்டு 50ஆம் மாடியிலும், இரண்டு 66ஆம் மாடியிலும், மூன்று 90ஆம் மாடியிலும் நின்றுவிட, எஞ்சிய இரண்டு மட்டும் 110 மாடி வரை செல்கின்றன. உயரம் 1451 அடி. 1973 முதல் 1998இல் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்கள் அதை விஞ்சும் வரை உலகின் மிக உயரமான கட்டடம் அதுவே.

103ஆம் மாடிக்கு மின்தூக்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கொண்டு சேர்க்கின்றது. அங்கே சுவருக்கு வெளியே நான்கடிக்குச் சற்று அதிகமாக நீண்டு நிற்கும் கண்ணாடிப் பெட்டிகள் உள்ளன. அடித்தளமும் கண்ணாடியே. 1353 அடிக்குக் கீழே சாலை தெரியும். குழந்தைகள் அஞ்சாமல் படுத்து விளையாடுகின்றனர். என்னைப் போன்றவர்கள் சுவரைப் பற்றிக்கொண்டு ஒரு காலை மட்டும் வைத்துப் பார்க்கின்றனர். வானம் தெளிந்த நாளில் நான்கு மாநிலங்கள் தெரியும் என்பார்கள். வடகிழக்கே ஏரி கடல்போல் விரிந்து கிடந்தது. நம் ஊரில் கிப்லா மேற்கே. அங்கே வடகிழக்கே, அந்த நீர்ப்பரப்பின் திசையில்.

அங்கேதான் என் மருமகன் கேட்டான்: "மாமா, சிறுவயதில் நீங்கள் ஓதிக் கொடுத்த ஹதீஸ் ஒன்றை நான் மறக்கவே இல்லை. இமாம் நவவீயின் நாற்பதில் இரண்டாவது. காலணியும் உடையும் இல்லாத ஏழை இடையர்கள் உயரமான கட்டடங்களில் ஒருவரோடொருவர் போட்டியிடுவதைக் காண்பது உலக முடிவின் அடையாளம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் கூறியது. நான் உண்பதும் உடுப்பதும் உயரமான கட்டடத்தின் ஊதியத்தில்தான். இது தூய்மையானதா?"

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. வளைகுடா நாடொன்றில் எழவிருக்கும் ஒரு பெருங்கோபுரத்தின் பணிக்கு அவனை அழைத்திருந்தனர். ஒரு மாதமாக விடை சொல்லாமல் இருந்திருக்கின்றான். அவனுடைய உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வரிசையில் நிற்போர் நெருக்கியதால் அங்கே விடை சொல்ல இயலவில்லை. கீழே இறங்கி ஓர் இருக்கையில் அமர்ந்த பின் கூறினேன். அடையாளம் வேறு, தடை வேறு. உலக முடிவின் அடையாளமாகச் சொல்லப்பட்ட எல்லாமே விலக்கப்பட்டவையோ இழிவானவையோ அல்ல என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்களே முஸ்லிம் நூலுக்கு எழுதிய விரிவுரையில் இந்த ஹதீஸின் கீழ் தெளிவாக எழுதியிருக்கின்றார்கள். இடையர்கள் கட்டடம் உயர்த்துவதும் செல்வம் பெருகுவதும் ஐயமின்றி ஹராம் அல்ல என்று அவ்விரண்டையுமே எடுத்துக்காட்டுகின்றார்கள். நாம் ஷாஃபிஈ மத்ஹபினர். நமக்கு இதைவிடப் பெரிய சான்று எது? மேலும் ஹதீஸில் வரும் வினைச்சொல்லின் அமைப்பைக் கவனி என்றேன். 'யததாவலூன்' என்பது ஒருவர் உயர்த்திக் கட்டுவதை மட்டும் குறிக்கும் சொல் அன்று. ஒருவர்மீது ஒருவர் மேலோங்க முனைவதைக் குறிப்பது. உயரத்தை அல்ல, போட்டியையே அச்சொல் சுட்டுகின்றது. ஆகவே, ஒரு கோபுரத்தைக் கண்டால் எத்தனை அடி என்று கேட்பதற்கு முன், எவருக்காக, எவ்வளவு வீண் என்று கேட்க வேண்டும்.

"வீண் என்ற கணக்கை என்னாலும் சொல்ல முடியும்" என்றான் அவன். மறுநாள் அதற்காகவே ஜான் ஹான்காக் கட்டடத்திற்கு அழைத்துச் சென்றான். கானின் மற்றொரு படைப்பு அது. நான் முன்னே சொன்ன தண்ணீர்க் கோபுரத்திற்கு மிக அருகில் இருக்கின்றது. 2018 முதல் அதற்கும் பெயரில்லை. 875 நார்த் மிச்சிகன் அவென்யூ என்ற முகவரியே பெயர். 1969இல் நிறைவுற்ற 100 மாடிகள், 1128 அடி. மேலே செல்லச் செல்ல ஒடுங்கும் கருநிற மேனி. அதன்மேல் பெருக்கல் குறி போன்ற மாபெரும் எஃகுச் சட்டங்கள், மறைவின்றி வெளிப்படையாக. அழகுக்காக வைத்தவை என்று நினைப்போம். காற்றின் வேகத்தை நிலத்திற்குக் கொண்டுசெல்பவை அவையே. கீழ்ப்பகுதியில் கடைகளும் அலுவலகங்களும்; மேற்பகுதியில் குடும்பங்கள் வசிக்கும் வீடுகள். 94ஆம் மாடியிலிருந்து நகரைக் காணலாம். என்னைக் கேட்டால், ஒரு கோபுரத்திற்கு மட்டும் சீட்டு வாங்க வசதியுள்ளவர்கள் இங்கே ஏறுவது நன்று. ஏரியும் கரையும் இங்கிருந்தே அழகு.

மருமகன் சொன்ன கணக்கு இதுதான்: நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடி, அதில் ஒரு சதுர அடித் தளத்திற்கு ஏறத்தாழ 42 பவுண்டு எஃகு செலவாயிற்று. ஏறக்குறைய அதே மாடிகள் கொண்ட ஹான்காக் கட்டடத்தில் ஏறத்தாழ 30 பவுண்டு. ஒவ்வொரு சதுர அடியிலும் 12 பவுண்டு மிச்சம்! ஓடும் ஆற்றில் உளூச் செய்யும்போதும் நீரை வீணாக்காதீர் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவர் எஃகில் இதைச் செய்திருக்கின்றார். அவர் அந்த நினைவோடு செய்தாரா என்பது அவருக்கும் இறைவனுக்கும் தெரிந்தது. இஸ்ராஃப் என்ற சொல்லுக்குப் பாடம் நடத்தும் எனக்கு இந்த எண்கள் நல்ல எடுத்துக்காட்டாயின.

இனி நம் வாசகர்களுக்கு மிகவும் நெருக்கமான செய்திக்கு வருகின்றேன். ஹஜ்ஜுக்குச் சென்று ஜித்தா விமான நிலையத்தில் இறங்கியவர்கள், ஹஜ் முனையத்தின் வெண்ணிறக் கூடாரங்களின் கீழ் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டார்கள். இஹ்ராம் உடையுடன் நானும் அங்கே அமர்ந்திருக்கின்றேன். அக்கூடாரங்களை அமைத்ததும் இதே கான் பணியாற்றிய சிகாகோ நிறுவனம். அதன் பொறியியலுக்குத் தலைமை ஏற்றவர் அவரே. ஒவ்வொன்றும் 45 மீட்டர்ச் சதுரமான 210 கூடாரங்கள். கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய துணி, எஃகுத் தூண்களிலிருந்து கம்பிவடங்களால் தொங்குகின்றது. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்ப, பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று உள்ளே வர, சூடேறிய காற்று உச்சித் துளை வழியே மேலே போய்விடுகின்றது. குளிரூட்டும் பொறியின்றியே பல்லாயிரவர் இளைப்பாறுகின்றனர். பாலைவனத்துப் பதூவியின் கூடாரத்திற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை. 1981இல் திறக்கப்பெற்றது, 1983இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருதைப் பெற்றது.

அந்த விருதைக் காண அவர் இல்லை. 1982 மார்ச் 27ஆம் நாள், பணி நிமித்தம் ஜித்தா சென்றிருந்தபோது மாரடைப்பால் காலமானார். வயது 52. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

சிகாகோவின் கட்டடப் பலகைகளில் இன்றும் அரபுநாட்டின் உயரங்கள் வரையப்படுகின்றன. 2010இல் திறக்கப்பெற்ற துபாயின் புர்ஜ் கலீஃபாவை வரைந்ததும் அதே நிறுவனத்தின் சிகாகோ அலுவலகமே. நம் இளைஞர்கள் பலர் துபாயில் அதன் நிழலில் உழைக்கின்றனர். அதைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புனித கஅபாவை ஒட்டியே 2012இல் நிறைவுற்ற 601 மீட்டர்க் கடிகாரக் கோபுரத்தை (அதை வரைந்தது சிகாகோ அல்ல) நான் எந்த மேடையிலும் புகழ்ந்ததில்லை. உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை 2002இல் இடித்துவிட்டு அவ்விடத்தில் எழுப்பியது. இறையில்லத்தை வலம் வருபவன் தலை நிமிர்ந்தால் முதலில் தென்படுவது விடுதி என்பது எனக்கு உவப்பன்று. அல்லாஹ்வின் விருந்தினர்க்காக உயரத்தை நாடாமல் நிழலை விரித்த கூடாரமும் நம் காலத்தில்தான் எழுந்தது, இக்கோபுரமும் நம் காலத்தில்தான் எழுந்தது.

சிகாகோவில் கோபுரங்களுக்கு அப்பாலும் நம்மவர் காணவேண்டியவை இரண்டு உள்ளன. ஒன்று, ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்னும் கலைக்கூடம். 1893 செப்டம்பரில் உலகச் சமயங்களின் மாநாடு இக்கட்டடத்தில் நடைபெற்றது. சுவாமி விவேகானந்தர் உரையாற்றியதை அனைவரும் அறிவர்; அவர் பெயர் அருகிலுள்ள சாலைக்குச் சிறப்புப் பெயராகச் சூட்டப்பட்டிருக்கின்றது. அதே மாநாட்டில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசியவர் முஹம்மத் அலெக்ஸாண்டர் ரஸல் வெப் என்ற அமெரிக்கர். மணிலாவில் அமெரிக்கத் தூதரகப் பணியில் இருந்தபோது இஸ்லாத்தைத் தழுவி, 1892இல் இந்தியா வந்து பம்பாய், ஹைதராபாத், சென்னை முதலிய ஊர்களில் பேசிவிட்டுத் தாயகம் திரும்பியவர். பலதார மணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவையில் சிலர் கூச்சலிட்டனர். அவர் பேசி முடித்தார். சென்னையில் நம் முன்னோர் கேட்ட குரல் அது. கலைக்கூடத்தில் அவர் பெயரை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

மற்றொன்று, நகரின் தென்பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்பொருட்காட்சியகம். பழைய பெயர் ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட். 2023இல் பெயர் மாறியது. அசீரிய மன்னன் சர்கோனின் அரண்மனை வாயிலில் நின்ற, மனிதத் தலையும் காளை உடலும் சிறகும் கொண்ட கற்சிலை அங்கே 16 அடி உயரத்தில், 40 டன் எடையோடு நிற்கின்றது. ஆனால் அரபு படித்தவனுக்கு அதைவிடப் பெரியது அங்கே பாதுகாக்கப்படும் ஒரு கிழிந்த தாள். எகிப்திலிருந்து வந்தது. ஆயிரம் இரவுகளின் கதை என்று தலைப்பிட்ட, கிடைத்தவற்றுள் மிகப் பழைய ஏடு. வீண் தாள் என்று கருதிய யாரோ அதன் ஓரங்களில் பத்திர வாசகத்தை எழுதிப் பழகியிருக்கின்றார். ஹிஜ்ரி 266 என்று ஆண்டும் எழுதியிருக்கின்றார்! அந்தக் கிறுக்கலால்தான் ஏட்டின் பழமையை அறிய முடிந்தது. இதைக் கண்டறிந்து 1949இல் வெளியிட்டவர் நபியா அபட் என்ற பெண்மணி. துருக்கியின் மார்தீனில் பிறந்து, இந்தியாவில் கல்வி கற்று, லக்னோ கல்லூரியில் பட்டம் பெற்றவர். முஸ்லிம் அல்லர். ஆயினும் ஹதீஸ்கள் மிகத் தொடக்கத்திலிருந்தே எழுத்திலும் பதிவாகி வந்தன என்பதைப் பழைய பாப்பிரஸ் ஏடுகளைச் சான்றாகக் காட்டி நிறுவ முயன்ற அவருடைய நூலை, ஹதீஸ் கலை பயிலும் நம் மாணவர்கள் அறியாதிருப்பது குறையே.

உணவுக்குக் கவலை வேண்டா. வடக்கே டெவன் அவென்யூவில் ஹலால் உணவகங்கள் நிறைய. அச்சாலையின் ஒரு பகுதிக்குக் காந்தி பெயர், ஒரு பகுதிக்கு ஜின்னா பெயர், ஒரு பகுதிக்கு முஜீப் பெயர். துணைக்கண்டத்தின் இரு பிரிவினைகளையும் பிரியாணி வாசத்தோடு ஒரே நடையில் கடந்துவிடலாம்.

புறப்படுவதற்கு முந்திய நாள் கிரேஸ்லாண்ட் அடக்கத்தலத்திற்குச் சென்றோம். 1860இல் ஏற்பட்டது. முஸ்லிம்களுக்கென அமைந்ததன்று, பல சமயத்தாரும் துயிலுமிடம். சிகாகோவைக் கட்டியவர்களில் பலர் அங்கே இருக்கின்றனர். சிகரெட்டுகளைப் பிடித்துக் காட்டியதாகச் சொல்லப்படும் புரூஸ் கிரஹாம் 2010இல் காலமாகி அங்கேயே அடங்கினார். ஜித்தாவில் உயிர் நீத்த ஃபஸ்லுர் ரஹ்மான் கானையும் அங்கேதான் கொண்டுவந்து அடக்கினர். ஸியர்ஸ் கோபுரத்தின் அடியிலுள்ள ஜாக்ஸன், ஃபிராங்க்ளின் தெருக்களின் சந்திப்பிற்கு 1998இல் நகரத்தார் அவர் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். முதல்நாள் அப்பலகையின் கீழ்தான் நாங்கள் சாலையைக் கடந்திருந்தோம்.

இலைகள் உதிரும் பருவம். மண்ணறையின் அருகே நின்று ஸலாம் கூறி, யாஸீன் ஓதி துஆச் செய்தேன். மருமகன் ஆமீன் கூறினான். திரும்பி நடக்கையில், வளைகுடாக் கோபுரத்தின் பணியை ஏற்கப்போவதாகச் சொன்னான். அதில் தன் வேலை எஃகின் அளவைக் கணக்கிடுவது என்றும், எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க முயல்வேன் என்றும் கூறினான். "உம்மாவிடம் இன்று இரவே சொல்லிவிடு" என்றேன்.